மார்கழிக் குளிரிலிருந்து பொங்கல் பானை வரை: வீட்டில் நன்றியோடு ஒரு மாதம்

குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழவில்லை என்றால், எங்கள் வீட்டில் மார்கழி வந்துவிட்டது என்று பொருள். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். நாட்காட்டியைப் பார்க்காமலே அம்மா புட்டியை எடுத்து வெயில் விழும் ஜன்னலில் வைப்பார். அன்றைக்கே பரணிலிருந்து போர்வைகள் இறங்கும்.

நான் பிறந்தது கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே வீடு. இப்போது கோவையில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் மார்கழியைக் கழித்தவன் என்பதால், வாசலும் மாட்டுப்பட்டியும் இருக்கும் வீட்டுக்கும், மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கும் பொருந்தும்படி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பொங்கல் நன்றி சொல்லும் திருநாள் என்று எல்லோருக்கும் தெரியும். சூரியனுக்கு, மாட்டுக்கு, நிலத்துக்கு. ஆனால் பானை பொங்கும் அந்தச் சில நிமிடங்களில் யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்று நினைத்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை. அடுப்புப் புகை, குழந்தைகளின் கூச்சல், 'பொங்கலோ பொங்கல்', பிறகு தொலைக்காட்சி. பழந்தமிழில் நன்றி என்ற சொல்லுக்குப் பிறர் நமக்குச் செய்த நன்மை என்பதே பொருள். அதனால்தான் செய்ந்நன்றி 'அறிதல்' என்றார்கள். யார் நமக்கு என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அதற்கு ஒரு நாள் போதாது. மார்கழி முழுவதும் தேவை. குளிர் எல்லோரையும் சீக்கிரம் வீட்டுக்குள் சேர்த்துவிடும் மாதம் என்பதால் இந்த வேலைக்கு இதைவிட நல்ல காலமும் இல்லை.

பெரும்பாலான ஆண்டுகளில் மார்கழி டிசம்பர் 16 அன்று பிறக்கும். 29 அல்லது 30 நாள் கழித்து ஜனவரி 14 அல்லது 15 அன்று தை பிறக்கும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே தருகிறேன்.

படி 1: மார்கழிக்கு ஒரு வாரம் முன்பு – வீட்டைக் கதகதப்பாக்குங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்வைகளும் தலையணைகளும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்படியே எடுத்துப் போர்த்தினால் பூஞ்சை வாசனையும் தும்மலும்தான் மிஞ்சும். நல்ல வெயில் அடிக்கும் இரண்டு நாள்களைத் தேர்ந்தெடுத்து, காலை 10 மணி முதல் 3 மணி வரை மொட்டை மாடியிலோ வாசலிலோ காயவையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டு, கம்பால் தட்டித் தூசியை எடுங்கள். பனி இறங்குவதற்கு முன் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். மாலை 5 மணிக்கு மேல் வெளியில் கிடந்தால் காய்ந்ததெல்லாம் வீண்.

சிமெண்ட் தரையும் டைல்ஸ் தரையும் மார்கழியில் ஐஸ்கட்டி போலிருக்கும். வயதானவர்களின் கட்டிலருகே, அவர்கள் எழுந்து கால் வைக்கும் இடத்தில், ஒரு சாக்கோ மிதியடியோ போடுங்கள். அது வழுக்காமல் இருக்கிறதா என்று நீங்கள் மிதித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் போர்வையும் இல்லாத வீடு கிடையாது. தடித்த ஜமக்காளத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் பாயோ மெத்தையோ போட்டால் தரைக்குளிர் மேலே ஏறாது. ஜன்னல் இடுக்குகளில் காற்று புகுந்தால் பழைய வேட்டித் துணியை நீளமாகச் சுருட்டி அடைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிர் தாங்காமல் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் மூச்சடைத்து இறந்த துயரம் பலமுறை நடந்திருக்கிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சாம்பிராணித் தணலானாலும், புகை போட்டு முடித்ததும் வெளியே கொண்டுபோய் நீர் தெளித்து அணையுங்கள். படுக்கையறையில் எந்தக் கனலும் இருக்கக் கூடாது. சூட்டுக்கு வெந்நீர்ப் பை போதும். அதையும் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

படி 2: ஒரு 40 பக்க நோட்டு

இந்த மாதத்தின் அச்சாணி இதுதான். ஒரு சாதாரண 40 பக்க நோட்டை வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பேனாவோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். அவர் யார், நமக்கு என்ன செய்கிறார், அதை எந்த நேரத்தில் எப்படிச் செய்கிறார், அவருக்கு இப்போது என்ன தேவை. இந்த நான்கும்தான்.

மூன்றாவது கேள்வியும் நான்காவதும் கடினமானவை. 'பால்காரர், பால் கொண்டு வருகிறார்' என்று எழுதிவிடலாம். எத்தனை மணிக்கு எழுகிறார்? எங்கிருந்து வருகிறார்? தெரியாது. தெரியாவிட்டால் அன்றைக்கு எழுதாமல் விட்டுவிட்டு, மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நான் அப்படித்தான் ஒரு மார்கழி விடியலில், எங்களுக்கு ஆறேழு ஆண்டுகளாகப் பால் ஊற்றிவந்தவரிடம் முதன்முறையாகக் கேட்டேன். இரண்டரை மணிக்கு எழுந்து, மூன்று மணிக்குள் பால் கறக்கும் இடத்துக்குப் போய்விடுவதாகச் சொன்னார். மொபெட்டில் 18 கிலோமீட்டர். பனி கண்ணாடியில் படிவதால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவாராம். 'கை விரல்தான் மரத்துப் போகும், கேனைப் பிடிக்க முடியாது' என்றார். அன்று நோட்டில் நான்காவது கேள்விக்கான விடை தானாக வந்து அமர்ந்தது: கையுறை.

பட்டியலில் யார் யார் வரலாம் என்று யோசிக்கத் திணறுபவர்கள், காலையில் கண் விழித்ததிலிருந்து கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். காபிக்கு முன்னால் பால்காரர். செய்தித்தாளுக்கு முன்னால் சைக்கிளில் வரும் பையன். குப்பைக்கூடை காலியாவதற்குத் தூய்மைப் பணியாளர். குழாயில் தண்ணீர் வர நீர்த்தொட்டியில் வால்வு திறப்பவர். இஸ்திரி போடுபவர், அடுக்குமாடிக் காவலாளி, பள்ளி வேன் ஓட்டுநர், ரேஷன் கடையில் அரிசி அளப்பவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர். இவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும் என்று முதல் வாரத்திலேயே எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்திருந்தது நான்கு பேர்.

வீட்டுக்குள் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். நாங்கள் நோட்டு எழுதத் தொடங்கிய முதல் ஆண்டு, பதினொன்றாவது நாளில்தான் அம்மாவின் பெயர் வந்தது. 'அம்மாவுக்கு என்ன தேவை' என்று தங்கை போய்க் கேட்டாள். 'ஒரு நாளாவது யாராவது காபி போட்டுக் கொண்டுவந்து என்னை எழுப்பினால் போதும்' என்றார். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுபவரை எழுப்ப ஆள் இல்லை என்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

படி 3: விடியற்காலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்

மார்கழி என்றால் விடியலில் வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டு, சாணப் பிள்ளையார் பிடித்து, அதன் தலையில் பூசணிப்பூ வைப்பது. இந்த அழகு முழுவதும் வீட்டுப் பெண்களின் தூக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. நன்றியைப் பேசும் மாதத்தில் அது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி ஒட்டுங்கள்: இன்று வாசல் பெருக்கித் தெளிப்பது யார், கோலம் யார், விளக்கு யார், காபி யார். ஆண்களின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் சம அளவில் இருக்கட்டும். கோலம் தெரியாதவர் 5 புள்ளி 5 வரிசையில் தொடங்கலாம். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

கல்மாவில் போட்டால் கோடு பளிச்சென்று இருக்கும். அரிசிமாவில் போட்டால் எறும்பும் சிட்டுக்குருவியும் வந்து தின்னும். இரண்டையும் கலக்காமல் அரிசிமாவை மட்டும் பயன்படுத்துங்கள். பனியில் மாவு கட்டிப்பிடிக்காமல் இருக்க முந்தின இரவே சலித்து, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கதவுக்கு வெளியே இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும்.

பூசணிப்பூ பறிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. அடியில் சின்னஞ்சிறு காய் போல உருண்டிருப்பது பெண் பூ. கோலத்துக்கு ஆண் பூவையே பறிக்க வேண்டும். அதிலும் இரண்டு மூன்றைக் கொடியிலேயே விட வேண்டும். இல்லாவிட்டால் மகரந்தம் சேராமல் காய் பிடிக்காது. தோட்டக்காரர் வீட்டில் பூ கேட்டுப் போகும்போது இது தெரிந்த குழந்தையை அனுப்பினால் அவருக்கும் மகிழ்ச்சி.

பூ வைத்த சாண உருண்டைகளை மாலையில் எடுத்துத் தட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் முப்பது வறட்டி சேர்ந்திருக்கும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் தை மாதத்தில் பெண் குழந்தைகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து, அந்த வறட்டிகளை ஆற்றில் விடுவார்கள். ஒரு மாத விடியல்கள் தண்ணீரில் மிதந்து போவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

படி 4: அடுக்களையில் சூடு

மார்கழிக்கு என்று சமைக்க வேண்டியவை அதிகமில்லை. மூன்று போதும், ஆனால் மூன்றும் சரியாக வர வேண்டும்.

முதலில் சுக்குமல்லிக் காபி. மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்தாறு. மல்லியை மட்டும் வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுங்கள். சுக்கை முதலில் உரலில் தட்டி உடைத்த பிறகே மிக்சியில் போடுங்கள். இல்லாவிட்டால் நார் சுற்றிக்கொள்ளும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி, ஐந்து நிமிடக் கொதி. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும், மண் இருக்கும். பால் ஊற்ற விரும்புபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், திரியாது. விடியலில் ஒரு ஃபிளாஸ்க் நிறையப் போட்டு வைத்தால், பேப்பர் போடும் பையனுக்கும் குப்பை எடுக்க வருபவருக்கும் வாசலிலேயே ஒரு டம்ளர் கொடுக்க முடியும். எங்கள் நோட்டில் இருந்த பெயர்களில் பாதி அந்த ஒரு டம்ளரின்போது கேட்டுத் தெரிந்துகொண்டவைதான்.

அடுத்தது வெண்பொங்கல். பச்சரிசி ஒரு டம்ளர் என்றால் பாசிப்பருப்பு மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து டம்ளர். பருப்பை நிறம் மாறாமல் வாசனை வரும் அளவுக்கு மட்டும் வறுத்து, அரிசியோடு கழுவி, உப்பும் ஒரு துண்டு தட்டிய இஞ்சியும் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விடுங்கள். திறந்ததும் கரண்டியின் பின்புறத்தால் நன்றாக மசிக்க வேண்டும். நெய்யை வஞ்சனையில்லாமல் காயவைத்து மிளகு, சீரகம், முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டால் குழந்தைகள் பொறுக்கி ஒதுக்கமாட்டார்கள். ஆற ஆற இறுகும் பண்டம் என்பதால் ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்திருங்கள். கத்தரிக்காய் கொத்சு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, மாலை வேளைக்குக் கிழங்கு. சர்க்கரைவள்ளியும் பனங்கிழங்கும் சந்தைக்கு வந்துவிடும் பருவம் இது. பனங்கிழங்கைத் தோலுரித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, நடுவில் இருக்கும் நாரை உருவிவிட்டுச் சாப்பிட வேண்டும். கிழங்கு வேகும் அரைமணி நேரத்தில் அடுக்களை வீட்டிலேயே வெதுவெதுப்பான இடமாகிவிடும். எல்லோரும் தாமாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மார்கழித் திருவாதிரைக்குக் களியும் ஏழு காய்க் கூட்டும், 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசிலும் செய்யும் வீடுகள் உண்டு. டிசம்பர் 25 பெரும்பாலும் மார்கழி 10ஆக வரும். பக்கத்து வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

படி 5: மாலையில் ஒரு மணி நேரம்

இரவு உணவுக்குப் பின் ஜமக்காளத்தை விரித்து எல்லோரும் உட்காருங்கள். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். நோட்டில் அன்றைய பக்கத்தை ஒருவர் எழுத, மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதன்பிறகு பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: 'உங்களுக்கு அந்தக் காலத்தில் யார் உதவி செய்தார்கள்?' பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். 'முதல் வேலைக்குப் போனபோது யார் வீட்டில் தங்கினீர்கள்', 'நான் பிறந்தபோது யார் கூட இருந்தார்கள்' என்று ஓர் இடத்தையும் ஒரு சமயத்தையும் சுட்டிக் கேளுங்கள்.

அப்பிச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், இப்படிக் கேட்டபோது, ஒரு பஞ்சக் காலத்தில் விதைநெல் இல்லாமல் தவித்தவரை, பேச்சுவார்த்தை இல்லாதிருந்த பங்காளி ஒருவர் இரவில் வண்டி பூட்டிக்கொண்டு வந்து இரண்டு மூட்டை இறக்கிவிட்டுப் போன கதை வெளிவந்தது. அதுவரை அந்த வீட்டுக்காரர்களை நாங்கள் வழியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அந்தப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். விதைநெல் கொடுத்தவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகனுக்கே அந்தக் கதை தெரியவில்லை. அப்பிச்சி சொல்லச் சொல்ல, அவர் வெகுநேரம் தன் அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருந்தால் இந்த மாலைகள் கனமாக இருக்கும். வற்புறுத்தாதீர்கள். பேச வேண்டாம் என்பவர் சும்மா உட்கார்ந்து கிழங்கு உரிக்கட்டும். கூட இருப்பது போதும்.

படி 6: கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுங்கள்

இதைத் தனியாக, அழுத்திச் சொல்கிறேன். பொங்கல் காசும் துணியும் பொங்கலன்று கொடுப்பது நம் வழக்கம். வீட்டு வேலை செய்பவர்களுக்கோ தூய்மைப் பணியாளருக்கோ அன்று கையில் கிடைக்கும் பணத்தால் அவர்கள் வீட்டுப் பொங்கலுக்கு என்ன பயன்? வெல்லமும் கரும்பும் பிள்ளைகளுக்குத் துணியும் அவர்கள் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கியிருப்பார்கள். ஆகவே ஜனவரி முதல் வாரத்துக்குள், சம்பளத்தோடு சேர்த்துப் பொங்கல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் சம்பளத்தோடு விடுப்பு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

குளிருக்கான பொருள்கள் அதற்கும் முன்பே போய்ச்சேர வேண்டும். மார்கழி முதல் வாரத்தில் கொடுக்கும் கம்பளிதான் கம்பளி. தையிலும் மாசியிலும் குளிர் விட்டுவிடாது என்பது உண்மைதான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். ஆனாலும் முதல் குளிரில் நடுங்கியவருக்குக் கடைசிக் குளிரில் கொடுப்பது தாமதம்தான்.

பழைய துணியைக் கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள். பொங்கலுக்கென்று கொடுப்பது மட்டும் புதியதாகவே இருக்கட்டும். கொடுக்கும்போது 'பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதைவிட, அவர் செய்ததைச் சொல்லுங்கள்: 'நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் வந்து பால் கொடுத்தீர்கள், குழந்தைக்கு அன்று அதுதான் ஆகாரம்.' நோட்டில் மூன்றாவது கேள்விக்கு எழுதிய விடை இங்கேதான் பயன்படும். வீட்டுக் குழந்தைகள் தங்கள் கையால் கொடுக்கட்டும். இரு கையாலும்.

எல்லோருக்கும் பொருள் தேவைப்படாது. பழைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் போதும். ஒரு தபால் அட்டையிலேயே எழுதிவிடலாம். ஜனவரி 5க்குள் போட்டால் பொங்கலுக்குள் சேர்ந்துவிடும்.

படி 7: வெள்ளையடிப்பும் போகியும்

கடைசி இரண்டு வாரத்தில் வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் அறை அல்லது ஓர் அலமாரி. மேலிருந்து கீழாக: ஒட்டடை, மின்விசிறி, அலமாரி, தரை.

சொந்த வீட்டில் சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கு: சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். இரும்பு டிரம் அல்லது சிமெண்ட் தொட்டி வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுத் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓர் இரவு ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து, சுவரை நனைத்த பிறகு அடியுங்கள்.

போகியன்று எரிப்பதைப் பற்றி எனக்குத் தயக்கமில்லாத கருத்து உண்டு. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கவே கூடாது. மார்கழிப் பனி கீழே படிந்து கிடக்கும் விடியலில் புகை மேலே போகாது, தெருவிலேயே தங்கும். சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமான ஆண்டுகள் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த விடியலைக் கழித்த வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். நைந்த பாய், கிழிந்த முறம், பழைய விளக்குமாறு இவற்றில் ஒன்றிரண்டைச் சிறு தீயில் போட்டால் சடங்கு நிறைவேறிவிடும். மீதியைப் பழைய பொருள் வாங்குபவரிடம் சேர்த்துவிடலாம்.

அன்று மாலை, கொங்கு நாட்டில் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு முகட்டிலும், மாட்டுப்பட்டியிலும், கிணற்றடியிலும், வயல் மூலையிலும் செருகுவார்கள். கோவையில் நான் கதவு நிலையில் செருகுகிறேன். தண்ணீர் மோட்டார் அறையிலும் ஒரு கொத்து. நமக்கு அதுதானே கிணறு.

படி 8: பானை

ஒருமுறை எங்கள் வீட்டில் புதுப்பானை அடுப்பில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் விரிந்து பால் முழுவதும் நெருப்பில் கொட்டியது. முந்தின மாலை சந்தையில் வாங்கியதை அப்படியே ஏற்றியதுதான் காரணம். பானையை நான்கு நாள் முன்பே வாங்குங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து, நிழலில் காயவிடுங்கள். பிறகு அரிசி கழுவிய நீரை நிரப்பிச் சிறு தீயில் மெதுவாகக் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே தானாக ஆறவிட வேண்டும். பானை வாங்கும்போது வனைந்தவரிடம் எந்தக் குளத்து மண் என்று கேளுங்கள். நோட்டில் அந்தப் பக்கமும் இருக்கட்டும்.

ஐந்து லிட்டர் பானைக்கு அளவு: புதுப் பச்சரிசி அரை கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் முக்கால் கிலோ, பால் அரை லிட்டர், நெய் 150 கிராம், ஏலக்காய், முந்திரி, திராட்சை. ஆண்டின் இந்தச் சமயத்தில் சூரியன் மிகவும் தாமதமாகவே எழும், காலை ஆறரையைத் தாண்டிவிடும். உதயத்தில் பொங்க வேண்டுமானால் ஆறு மணிக்குள் அடுப்பு பற்றியிருக்க வேண்டும்.

பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி, பாலையும் தண்ணீரையும் கழுத்துவரை ஊற்றுங்கள். பொங்கி வழிந்ததும் பாதியை மொண்டு வேறு பாத்திரத்தில் வைத்துவிட்டு, அரிசியையும் பருப்பையும் போடுங்கள். வேக வேக, மொண்டு வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். புது அரிசி பழைய அரிசியைவிடக் குறைவான தண்ணீர்தான் குடிக்கும், எளிதில் குழையும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஊற்றிவிடக் கூடாது. அரிசி விரலில் நசுங்கி மாவாகும்வரை வெல்லத்தைத் தொடாதீர்கள், வெல்லம் விழுந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது. அதன்பின் கரைத்து வடிகட்டிய பாகு, நெய், வறுத்த முந்திரி. கேஸ் அடுப்பில் வைப்பவர்கள் தீயைக் குறைத்தே தொடங்குங்கள். மண்பானைக்குத் திடீர்ச் சூடு ஆகாது.

எங்கள் வீட்டில் பானையில் பால் ஏறிவரும் அந்தக் காத்திருப்பில் நோட்டை ஒருவர் வாசிப்பார். பெயர்கள் மட்டும். முப்பது பெயர் வாசித்து முடிப்பதற்கும் நுரை விளிம்பைத் தொடுவதற்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் ஊரில் பட்டிப் பொங்கல் என்போம். மாடில்லாத நகரத்து வீட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். கிராமத்துக்குப் போக முடிந்தால் போங்கள். முடியாதவர்கள், பால் ஊற்றுபவரிடம் அனுமதி கேட்டு, குழந்தைகளோடு அவர் பட்டிக்குப் போய்வாருங்கள். நான் போன ஆண்டு ஒரு கட்டுக் கரும்புத் தோகையும், வெல்லமும், வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போனேன். எட்டு மாடுகள், கொம்பில் புதுச் சாயம். பத்து மாதமாக என் காபிக்குப் பால் கொடுத்தது எது என்று கேட்டேன். ஓரத்தில் நின்ற சிவலைப் பசுவைக் காட்டினார். பழத்தை நீட்டினேன். தோலோடு வாங்கி மென்றுகொண்டே என் கையை நக்கியது. மார்கழி முழுவதும் மரத்துக்கிடந்த விரல்களில் அந்த நாக்கு அவ்வளவு சூடாக இருந்தது.